வரிசையில் கடைசி யார்? கைப்பேசி வலையமைப்பின் முன்னுரிமைப் பட்டியலை வாசித்தல்

2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. செங்கல்பட்டுக் கடற்கரைக்கு இத்தகைய இரவுகள் புதியவை அல்ல. 2004இல் ஆழிப்பேரலை, 2015இல் பெருவெள்ளம், 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம் எனச் சென்னைக்குத் தெற்கே உள்ள இந்நிலப்பரப்பு மீண்டும் மீண்டும் இடரைச் சந்தித்திருக்கிறது. புயல் நாளில் முதலில் மின்சாரம் நிற்கிறது. கைப்பேசிக் கோபுரங்கள் பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கின்றன. ஒரு கோபுரம் அணைந்தால் அதன் பயனர்கள் எட்டும் தொலைவில் உள்ள அடுத்த கோபுரத்தை நாடுகிறார்கள். எஞ்சியுள்ள கோபுரங்களின் சுமை கூடுகிறது. அதே நேரத்தில் எல்லாரும் எல்லாரையும் அழைக்கிறார்கள்.

அப்போது யாருடைய அழைப்பு செல்லும், யாருடைய அழைப்பு நிற்கும்? இது தற்செயலாக நடப்பது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் கோபுரத்தின் கருவிகளுக்குள்ளும், அதனை நகரத்துடன் இணைக்கும் ரவுட்டர்களுக்குள்ளும் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. எந்தத் தரவு முன்னால் செல்ல வேண்டும், எது காத்திருக்க வேண்டும், எதனை முதலில் கைவிடலாம் என்று அது கட்டளையிடுகிறது. பொறியாளர்கள் இதனை முன்னுரிமை மேப்பிங் என்று அழைக்கிறார்கள். நாம் இதனை முன்னுரிமைப் பொருத்தம் எனலாம்.

இப்பட்டியலில் சாதிக்கென ஒரு கட்டம் கிடையாது. அதனை எழுதும் பொறியாளருக்கு ஊர் எது, சேரி எது என்பது தெரியாது. ஆயினும் பற்றாக்குறைக் காலத்தில் யார் முதலில், யார் கடைசியில் என்று தீர்மானிக்கும் எந்தப் பட்டியலையும் ஒடுக்கப்பட்ட மக்கள் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நிவாரணப் பட்டியலும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் நமக்குக் கற்பித்த பாடம் அது. எனவே இக்கட்டுரையில் அப்பட்டியல் எவ்வாறு இயங்குகிறது, எங்கே பழுதாகிறது, அதன்மீது மக்கள் எழுப்பவேண்டிய கேள்விகள் யாவை என்பனவற்றை விளக்க முயல்கிறோம்.

நெரிசல் உள்ள இடத்தில்தான் முன்னுரிமைக்குப் பொருள்

ஒரு கோபுரம் பல திசைகளை நோக்கி அலைகளை வீசுகிறது. ஒவ்வொரு திசைப் பகுதியையும் ஒரு செல் என்கிறோம். ஒரு செல்லுக்குள் இருக்கும் எல்லாரும் ஒரே அலைவரிசை அளவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பயன்படுத்துவோர் குறைவாக இருக்கும் நேரத்தில் முன்னுரிமைப் பட்டியலுக்கு வேலையே இல்லை. யார் எதனைக் கேட்டாலும் இடம் இருக்கிறது, எல்லாருக்கும் கிடைக்கிறது. கேட்பு கொள்ளளவை விஞ்சும் நொடியில்தான் பட்டியல் விழித்தெழுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை எண்ணிப் பார்ப்போம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை சாலையின் ஒருபுறம் உல்லாச விடுதிகளும் பண்ணை வீடுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலும் பின்னாலும் மீனவக் குப்பங்கள், தலித் குடியிருப்புகள், இருளர் குடிசைகள் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் விடுதிகளில் தங்குவோரின் காணொளிகளும் குடியிருப்பின் பிள்ளை இறக்கிக்கொள்ளும் பாடக்குறிப்பும் ஒரே செல்லில் போட்டியிடக்கூடும். உள்ளே சென்று திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம் வட்டங்களை நோக்கினால் நிலைமை வேறு விதமானது. அங்கு ஒரு கோபுரமே நீண்ட தொலைவைத் தாங்க வேண்டியிருக்கும். கோபுரத்திலிருந்து தொலைவில் இருப்பவருக்கு அலை வலுவிழந்து சேர்வதால், அதே அளவு தரவை அனுப்பக் கூடுதல் நேரமும் அலைவரிசையும் செலவாகின்றன. ஊரின் எல்லையில் ஒதுக்கப்பட்ட குடியிருப்பு கோபுரத்திலிருந்தும் தொலைவில் அமைந்துவிட்டால், நெரிசல் அதற்குப் புயல் நாளின் விருந்தாளி அல்ல, அன்றாடக் குடியிருப்பாளி. ஆகவே முன்னுரிமைப் பட்டியலின் விளைவை நாள்தோறும் சுமப்பவர்களும் அவர்களே.

ஒன்பது வகுப்புகள்

நான்காம் தலைமுறை வலையமைப்புக்கான உலகத் தரத்தை 3ஜிபிபி என்னும் தர நிர்ணயக் கூட்டமைப்பு வகுத்தது. அத்தரம் கைப்பேசித் தரவுகளை முதற்கண் ஒன்பது வகுப்புகளாகப் பிரித்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் க்யூ.சி.ஐ. எனப்படும் எண் உண்டு. அவ்வெண்ணுடன் மூன்று செய்திகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன: முன்னுரிமை நிலை, தாங்கத்தக்க தாமதம், தாங்கத்தக்க இழப்பு.

வகுப்பு எண்ணும் முன்னுரிமை நிலையும் ஒன்றல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். வகுப்பு 1 என்பது குரலழைப்பு. அதன் முன்னுரிமை நிலை 2. தாமதம் 100 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும், நூற்றில் ஒரு பொதி தொலைந்தாலும் பாதகமில்லை. முன்னுரிமையில் முதலிடம் பெறுவது வகுப்பு 5. அழைப்பை ஏற்படுத்துவதற்கும் துண்டிப்பதற்கும் வலையமைப்பு தனக்குள் பரிமாறிக்கொள்ளும் சைகைகள் அதில் செல்கின்றன. சைகையே சேராவிட்டால் அழைப்பு பிறக்காது என்பதால் இந்த ஏற்பாடு. காணொளி அழைப்பு வகுப்பு 2, நேரடி விளையாட்டு வகுப்பு 3. இவ்வளவும் ஏற்கத்தக்க நியாயம். எந்தத் தரவின் இயல்பு விரைவைக் கோருகிறதோ அதற்கு விரைவு வழங்கப்படுகிறது.

ஆனால் 6, 8, 9 ஆகிய வகுப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு நியாயம் தென்படுகிறது. மூன்றுக்கும் தாங்கத்தக்க தாமதம் 300 மில்லிவிநாடி. மூன்றுக்கும் தாங்கத்தக்க இழப்பு பத்து லட்சத்தில் ஒன்று. மூன்றிலும் செல்வது இணையப் பக்கம், மின்னஞ்சல், அரட்டை, சேமித்து ஓடும் காணொளி போன்ற அதே வகைத் தரவுதான். வேறுபடுவது முன்னுரிமை நிலை மட்டுமே: 6, 8, 9. இடர்க்காலப் பணியாளர் போன்ற சிறப்புப் பயனரின் தரவுக்கு வகுப்பு 6ஐப் பயன்படுத்தலாம் என்று தரத்தின் அடிக்குறிப்பு சொல்கிறது. வகுப்பு 8 கூடுதல் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் குழுவுக்கு உதவலாம். வகுப்பு 9 பொதுவாகச் சலுகை பெறாத சந்தாதாரருக்கு உரியது என்று அதே அடிக்குறிப்பு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

தேவை ஒன்றாக இருந்தும் வரிசை வேறாக வைக்கப்படுகிறது. அண்ணல் அம்பேத்கர் சாதியமைப்பைப் படிநிலைச் சமமின்மை என்று வரையறுத்தார். அவரது பகுப்பாய்வை ஒரு தொழில்நுட்ப அட்டவணைமீது அப்படியே ஏற்றிவைப்பது பொருந்தாது, ஏனெனில் சாதி பிறப்பால் வருவது, இவ்வகுப்புகள் சந்தாவால் வருபவை. ஆயினும் ஒன்றை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். படிகள் எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு படியும் எந்தக் காரணத்தின் மீது கட்டப்பட்டது என்று கேட்க வேண்டும். குரலுக்கு முன்னுரிமை என்பது தேவையின் மீது கட்டப்பட்ட படி. 8க்கும் 9க்கும் இடையிலான படி பணப்பையின் மீது கட்டப்பட்டது.

ஐந்தாம் தலைமுறையிலும் இவ்வடிப்படை மாறவில்லை. எண்களின் பெயர் 5க்யூ.ஐ. என மாறியது. முன்னுரிமை நிலை பத்தின் மடங்குகளாக எழுதப்படுகிறது. குரலுக்கு 20, சாதாரணச் சந்தாதாரரின் தரவுக்கு 90.

இன்னொரு நடைமுறை உண்மையையும் இங்கே சொல்ல வேண்டும். கைப்பேசி எண்ணை அழுத்திப் பேசும் வோல்ட்டி அழைப்பு வகுப்பு 1இல் செல்கிறது. அங்கே பெரிய சந்தாவும் சிறிய சந்தாவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வாட்ஸ்அப் வழியே பேசினால் அக்குரல் பொதுவாக இயல்புநிலை வகுப்பான 9இல், திரைப்படத் துணுக்குகளுடன் சேர்ந்து நிற்கிறது. வன்கொடுமை நிகழ்ந்த இடத்திலிருந்து ஒரு தோழர் அனுப்பும் காணொளிச் சான்றும் அவ்வரிசையில்தான் நிற்கிறது. நெரிசலான இடத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடுமாறினால் நேரடி அழைப்புக்கு மாறுவது பயனளிப்பதன் காரணம் இதுதான்.

உள்ளே விடுவதும் வெளியேற்றுவதும்

வகுப்பு எண் வரிசையில் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. வாசலுக்குள் விடுவதா என்பதைத் தீர்மானிப்பது ஏ.ஆர்.பி. என்னும் வேறோர் எண். அது 1 முதல் 15 வரை செல்லும். 1 உயர்ந்தது, 15 தாழ்ந்தது. அதனோடு ஆம், இல்லை என்ற இரு குறிகளும் உண்டு. இவ்விணைப்பு பிறரை வெளியேற்றி இடம் பிடிக்கலாமா என்பது முதல் குறி. பிறருக்காக இவ்விணைப்பை வெளியேற்றலாமா என்பது இரண்டாம் குறி.

செல் நிரம்பிவிட்ட நேரத்தில் அவசர அழைப்பு ஒன்று வந்தால், உயர்ந்த ஏ.ஆர்.பி. எண்ணும் வெளியேற்றும் உரிமையும் அதற்கு இருக்குமாறு கருவியில் எழுதியிருந்தால், மற்றோர் இணைப்பு துண்டிக்கப்பட்டு அதற்கு இடம் கிடைக்கும். அவ்வாறு எழுதப்படாவிட்டால் அவசர அழைப்பும் வாசலில் நிற்கும். பேசிக்கொண்டிருக்கும்போது காரணமின்றித் துண்டிக்கப்படுவதற்கும், மணி ஒலிக்காமலே அழைப்பு தோற்பதற்கும் பின்னால் இவ்வெண் இருக்கக்கூடும்.

நடுவழியில் அழியும் குறி

இதுவரை சொன்னவை காற்றலைப் பகுதிக்கு உரியவை. கோபுரத்தை அடைந்த தரவு அங்கிருந்து நுண்ணலை இணைப்பு வழியாகவோ கண்ணாடியிழை வழியாகவோ வட்டத் தலைநகரின் சேர்ப்பு மையத்தையும், பின்னர் பெருநகரின் மைய வலையமைப்பையும் அடைய வேண்டும். இவ்வழியில் உள்ள ரவுட்டர்களுக்கும் சுவிட்சுகளுக்கும் க்யூ.சி.ஐ. என்னும் மொழி தெரியாது. அவற்றின் மொழி வேறு. ஆகவே ஒவ்வோர் எல்லையிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது. முன்னுரிமைப் பொருத்தம் என்னும் வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ரவுட்டர் வாசிப்பது டி.எஸ்.சி.பி. என்னும் குறியை. பொதியின் தலைப்பில் அதற்கு 6 பிட் இடம் உண்டு, எனவே 0 முதல் 63 வரை எண்கள். குரலுக்குப் பொதுவாக 46 எழுதப்படும். சாதாரணத் தரவுக்கு 0. இம்முறை இணையத்துக்கென 1998இல் வகுக்கப்பட்டது. சுவிட்ச் வாசிப்பதோ 802.1பி என்னும் குறியை. அதற்கு 3 பிட் மட்டுமே, அதாவது எட்டு எண்கள். 64 நிலைகளை எட்டுக்குள் அடக்கும்போது சில வேறுபாடுகள் மறையத்தான் செய்யும். அங்கும் ஒரு விந்தை உண்டு. அவ்வரிசையில் 1 என்பது 0வைவிடத் தாழ்ந்தது. பின்னணி வேலைகளுக்கென ஒதுக்கப்பட்ட எண் அது. இதனை அறியாத ஒருவர், ஒன்று பூச்சியத்தைவிடப் பெரிது என்று நம்பி முக்கியமான தரவை 1இல் வைத்தால், அதனைக் கடைசிக்குத் தள்ளியவர் ஆகிறார்.

குரல் பொதி ஒன்றைப் பின்தொடர்வோம். காற்றில் அது வகுப்பு 1. கோபுரக் கருவி அதற்கு 46 என்று குறியிடுகிறது. சுவிட்சில் அது 5 ஆகிறது. ஒவ்வொரு கருவியிலும் அக்குறி முன்வரிசைக்குப் பொருத்தப்பட்டிருந்தால் பொதி தடையின்றிச் சேர்கிறது. இப்போது நடுவில் உள்ள ஒரு சுவிட்சின் நுழைவாயிலில், வரும் குறிகளை நம்பலாம் என்ற அமைப்பு இடப்படாமல் விடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அச்சுவிட்ச் வந்த குறியை அழித்துவிட்டு 0 என்று எழுதும். அங்கிருந்து அப்பொதி சாதாரணப் பொதி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள கருவிகள் எவ்வளவு சரியாக அமைக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை.

இப்பழுதின் கொடுமை, அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். நெரிசல் இல்லாத நாளில் 0 குறியிட்ட பொதியும் விரைவாகவே செல்லும். சோதனை செய்யும் பொறியாளரின் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். புயல் நாளில்தான் குரல் சிதறும். அன்று எல்லாரும் பழியைப் புயலின் மேல் போடுவார்கள்.

திசைக்கொரு குறி உண்டு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நம்மை நோக்கி வரும் குரலுக்கு மைய வலையமைப்பு குறியிடுகிறது. நம்மிடமிருந்து செல்லும் குரலுக்குக் கோபுரக் கருவி குறியிடுகிறது. கோபுரக் கருவியின் பொருத்தம் மட்டும் விடுபட்டிருந்தால், நெரிசல் நேரத்தில் நமக்கு எதிர்முனைக் குரல் தெளிவாகக் கேட்கும், நம் குரல் அவர்களுக்கு உடைந்து கேட்கும். புகார் எழுதும்போது எந்தத் திசையில் குரல் உடைகிறது என்று குறிப்பிட்டால், பழுதைத் தேட வேண்டிய பக்கம் பாதி தெளிவாகிவிடும். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்புவதும், கோபுரம் ஒரு நிறுவனத்துடையதாகவும் இணைப்பு மற்றொரு நிறுவனத்துடையதாகவும் இருக்கையில் இரு பட்டியல்கள் பொருந்தாமல் போவதும் இத்துறையில் வழக்கமாகக் காணப்படும் பிற காரணங்கள்.

சரி, எல்லாவற்றுக்கும் உயர்ந்த குறி இட்டுவிட்டால் என்ன? எல்லாரும் முன்வரிசையில் நின்றால் வரிசையே இல்லாமல் போகும். அதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. முன்வரிசை காலியாகும் வரை பின்வரிசையைத் தொடுவதில்லை என்னும் கண்டிப்பான முன்னுரிமை முறையை வரம்பின்றி வைத்தால், பின்வரிசைக்கு எதுவுமே கிடைக்காமல் போகும். பொறியாளர்கள் இதனைப் பட்டினி என்றே அழைக்கிறார்கள். அதனைத் தவிர்க்க முன்வரிசைக்கு ஓர் உச்சவரம்பும், ஏனைய வரிசைகளுக்கு விகிதப்படி குறைந்தபட்சப் பங்கும் எழுதுவது நல்ல வடிவமைப்பு. கடைசி வரிசையில் நிற்பவருக்கும் உறுதியான பங்கு வேண்டும் என்பது நாம் வெளியிலிருந்து திணிக்கும் அரசியல் கோரிக்கை அன்று. அப்பங்கு இல்லாவிடில் அமைப்பே பழுதுபடும் என்று பொறியியலே சொல்கிறது.

எழுதப்பட்ட உரிமை, அழிக்கப்பட்ட குறி

தொடக்கத்தில் இடப்பட்ட குறி நடுவழியில் அழிந்து போவதைச் செங்கல்பட்டு மண் வேறொரு வடிவில் அறியும். இம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை குறித்த தம் அறிக்கையை 1891இல் அரசுக்கு அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது, பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்ற நிபந்தனை அந்நிலத்தின் மீது இடப்பட்ட குறி. ஆனால் கிராமக் கணக்கு, கிரயப் பத்திரம், பட்டா மாறுதல் என ஒவ்வோர் இடைநிலையிலும் அக்குறி வாசிக்கப்படாமலும் திருத்தப்பட்டும் போனது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய தோழர்கள் உயிரிழந்தனர்.

நிலமும் தரவுப் பொதியும் ஒன்றல்ல. நிலத்தின் குறியை அழித்தது ஆதிக்கம், பொதியின் குறியை அழிப்பது பெரும்பாலும் கவனக்குறைவு. எனினும் கற்க வேண்டிய பாடம் பொதுவானது. மேலிடத்தில் எழுதப்பட்ட ஆணை மட்டும் உரிமையைக் கொண்டுசேர்ப்பதில்லை. கடைசிக் கருவி வரையில், கடைசிப் பதிவேடு வரையில் ஆணை வாசிக்கப்படுகிறதா என்று சரிபார்க்கும் ஏற்பாடும் வேண்டும்.

முன்வரிசையை விற்கலாமா?

இந்தியாவில் இக்கேள்வி ஏற்கெனவே எழுந்திருக்கிறது. 2016 பிப்ரவரி 8ஆம் நாள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தரவின் உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தடை செய்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அத்துடன் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. 2018 ஜூலையில் இணையச் சமநிலைக் கோட்பாட்டை அரசு ஏற்றது. ஓர் இணையதளத்துக்கும் மற்றோர் இணையதளத்துக்கும் இடையே பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம்.

ஆனால் ஒரு சந்தாதாரருக்கும் மற்றொரு சந்தாதாரருக்கும் இடையே? 2020இல் ஏர்டெல் தன் பிளாட்டினம் திட்டத்தில் ரூ.499உம் அதற்கு மேலும் செலுத்தும் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு 4ஜி வலையமைப்பில் முன்னுரிமை தருவதாக அறிவித்தது. வோடஃபோன் ஐடியாவின் ரெட்எக்ஸ் திட்டம் கூடுதல் வேகத்தை வாக்களித்து வந்தது. அவ்வாண்டு ஜூலையில் டிராய் இரண்டையும் நிறுத்திவைக்கச் சொல்லி, சிலருக்குத் தரப்படும் முன்னுரிமையால் பிற சந்தாதாரர்களின் சேவை குன்றாது என்பதற்கு என்ன உறுதி என்று விளக்கம் கேட்டது. வோடஃபோன் ஐடியா தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றது. டிராய் தன் விசாரணையைத் தொடர்ந்தது.

டிராய் கேட்ட கேள்வி முன்னுரிமைப் பட்டியலின் நெஞ்சைத் தொடுவது. ஒரு செல்லின் கொள்ளளவு குறிப்பிட்ட அளவினது. நெரிசலில் ஒருவரை முன்னால் விடுவது என்பது இன்னொருவரைப் பின்னால் நிறுத்துவதே. விளம்பரத்தில் முன்னால் செல்பவரின் முகம் மட்டும் இருக்கும். பின்னால் நிறுத்தப்பட்டவருக்கு அது தெரிவிக்கப்படுவதில்லை. தன் கைப்பேசிதான் பழுது என்று அவர் நினைத்துக்கொள்வார். ஐந்தாம் தலைமுறையில் ஒரே வலையமைப்பைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து வழங்கும் ஸ்லைசிங் முறை வந்துள்ள நிலையில் இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது.

சந்தாவை அளவுகோலாக்கினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா ஒரு சான்று. 2018இல் கலிஃபோர்னியாவின் பெருங்காட்டுத் தீயை எதிர்கொண்ட சாந்தா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் தரவு இணைப்பு, திட்டத்தின் தரவு வரம்பு தீர்ந்ததால் மிகக் கடுமையாக மெதுவாக்கப்பட்டது. சேவை வழங்கிய வெரைசன் நிறுவனம் பின்னர் அது வாடிக்கையாளர் சேவையில் நேர்ந்த தவறு என்று ஒப்புக்கொண்டது. தீயை அணைப்பவரா, திரைப்படம் பார்ப்பவரா என்று கருவி அறியவில்லை. சந்தாத் திட்டத்தை மட்டுமே அறிந்திருந்தது.

அவசரம் எது என்று யார் சொல்வது?

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தன் 20ஆம் பிரிவில் இதற்கு ஒரு விடை தருகிறது. பொது அவசரநிலையில், மீட்புப் பணிக்கென அதிகாரம் பெற்ற பயனர்களின் செய்திகளுக்கு முன்னுரிமை வழங்குமாறு அரசு ஏற்பாடு செய்யலாம். 2024 ஜூன் 26 முதல் இப்பிரிவு நடைமுறையில் உள்ளது. அதே பிரிவு தொலைத்தொடர்புச் சேவையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் அரசுக்கு வழங்குகிறது. முன்னால் விடும் கையும் முற்றாகத் துண்டிக்கும் கையும் ஒன்றே.

மீட்புப் பணியாளருக்கு முன்னுரிமை தருவதை நாம் முழுமனதுடன் ஏற்கிறோம். நம் கேள்வி, அதிகாரம் பெற்றோர் பட்டியலில் யார் இடம்பெறுவர் என்பது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நிவாரணம் வழங்கியபோது தலித் மக்கள் விடுபட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகும் வலையும் இழந்தவரே பாதிக்கப்பட்டவர் என்று வரையறுக்கப்பட்டபோது, மீன் சுமந்தவரும் உப்பளத்தில் உழைத்தவரும் வயலில் கூலி வேலை செய்தவரும் இழப்பே இல்லாதவர்களாக ஆக்கப்பட்டனர். பட்டியலின் தலைப்பே அவர்களை வெளியே நிறுத்தியது. நாளை ஓர் இடரில் அரசு அலுவலர்கள் மட்டுமே முன்னுரிமை எண்களைப் பெற்று, குடியிருப்பின் முதல்நிலை மீட்பாளர்களான இளைஞர்களும் சுகாதாரத் தன்னார்வலர்களும் விடுபட்டால் அதே பிழை மீண்டும் நிகழும்.

அவசர எண்களிலும் இதே கேள்வி எழுகிறது. 112 என்பதை அழுத்தினால் கைப்பேசியே அதனை அவசர அழைப்பு என்று அடையாளம் கண்டு, வலையமைப்பிடம் சிறப்பு வழி கேட்கிறது. சொந்த நிறுவனத்தின் அலை இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியே முயலும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566, 2021 டிசம்பர் 13 முதல் இயங்குகிறது. அது கட்டணமில்லா எண். ஆனால் கட்டணமின்மையும் முன்னுரிமையும் வேறு வேறு. கைப்பேசியிலோ சிம்மிலோ வலையமைப்பிலோ உள்ள அவசர எண் பட்டியலில் சேர்க்கப்படாத எந்த எண்ணும் சாதாரணக் குரலழைப்பாகவே செல்லும். ஆகவே தாக்குதல் நடந்துகொண்டிருக்கும் வேளையில் முதலில் 112ஐ அழைப்பதும், பின்னர் 14566இல் பதிவு செய்வதும் பாதுகாப்பான வரிசை.

எச்சரிக்கைச் செய்திகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. செல் பிராட்காஸ்ட் முறையில் கோபுரம் ஒரே செய்தியை அப்பகுதியின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒருசேர ஒலிபரப்புகிறது. ஆளுக்கு ஓர் இணைப்பு தேவையில்லை என்பதால் நெரிசல் அதனைத் தடுப்பதில்லை. சந்தா எதுவென்றும் அது பார்ப்பதில்லை. 2023இல் இந்தியாவெங்கும் கைப்பேசிகள் பெருத்த ஒலியுடன் அதிர்ந்த சோதனை இம்முறையைச் சார்ந்ததே. முன்னுரிமைச் சிக்கலையே கடந்து செல்லும் வடிவமைப்பு சாத்தியம் என்பதற்கு இது நல்ல சான்று.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, கொள்ளளவு. முன்னுரிமைப் பட்டியல் பற்றாக்குறையைப் பங்கிடுமே தவிரப் போக்காது. கடைக்கோடிக் குடியிருப்புகளுக்குப் போதிய கோபுரமும் இழையும் பேட்டரியும் வேண்டும். 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத்தர விதிகள், நிறுவனங்கள் தம் அலைபரப்பு வரைபடங்களை இணையத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. அவ்வரைபடத்தைத் திறந்து, ஊர் எங்கே நிறம் பெறுகிறது, குடியிருப்பு எங்கே நிறம் இழக்கிறது என்று ஒப்பிடுவது கல்லூரி மாணவர் குழு ஒன்று ஒரு வாரத்தில் முடிக்கத்தக்க ஆய்வு. டிராயின் மைஸ்பீடு செயலியால் ஒரே நேரத்தில், ஒரே நிறுவனத்தின் சிம்மைக் கொண்டு, ஊரிலும் குடியிருப்பிலும் வேகத்தை அளந்து பதிவு செய்யலாம். மாலை 7 மணி முதல் 10 மணி வரை அளந்தால் நெரிசலின் உண்மை முகம் தெரியும்.

இரண்டாவது, வெளிப்படைத்தன்மை. நெரிசல் காலத்தில் எந்தச் சந்தா எந்த வகுப்பில் வைக்கப்படுகிறது, கடைசி வகுப்புக்கு உறுதி செய்யப்பட்ட பங்கு எவ்வளவு என்பதை நிறுவனங்கள் எளிய தமிழில் அறிவிக்குமாறு டிராய் கட்டளையிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் டிராய், தொலைத்தொடர்புத் துறை, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றிடம் நாமே இக்கேள்விகளைக் கேட்கலாம்.

மூன்றாவது, சரிபார்ப்பு. கோபுரம் முதல் மைய வலையமைப்பு வரை குரலின் குறி அழியாமல் சேர்கிறதா என்பதை நெரிசல் நேரத்தில் சோதித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மாவட்ட நிர்வாகத்திடம் நிறுவனங்கள் அறிக்கை அளிக்க வேண்டும். செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதன் இடர் மேலாண்மைத் திட்டத்தில் இதற்கு ஓர் இடம் கேட்பது நியாயமானது.

நான்காவது, பட்டியலில் இடம். வன்கொடுமை உதவி எண்ணை அவசர அழைப்புகளுக்கு இணையாக நடத்துவது குறித்து அரசு முடிவெடுக்க வேண்டும். இடர்க்கால முன்னுரிமை பெறுவோரில் தலித், இருளர், மீனவர் குடியிருப்புகளின் தன்னார்வலர்களும் சேர்க்கப்பட வேண்டும்.

கருவிக்குள் எழுதப்படும் எண்களை அரசியலுக்கு அப்பாற்பட்டவை என்று நினைத்து ஒதுங்கிவிடலாகாது. தகவல் தொழில்நுட்பமும் மின்னணுவியலும் பயிலும் நம் மாணவர்களில் பலர் நாளை அந்த எண்களை எழுதும் இருக்கையில் அமர்வார்கள். ஒரு நுழைவாயிலில் ஓர் அமைப்பு விடுபட்டால் எங்கோ ஒரு குடியிருப்பின் குரல் உடையும் என்பதை அறிந்து எழுதும் பொறியாளர்கள் நமக்கு வேண்டும். வெளியே இருந்து அதனைக் கேட்கும் மக்களும் வேண்டும். அடுத்த புயலுக்கு முன் இரண்டு வேலைகளையும் தொடங்குவோம்.